வள்ளிக்கு வந்த யானை, நம்மகிட்ட வந்த யானை

முருகா சரணம்.

ஒவ்வொரு கிருத்திகைக்கும் ஏதாவது ஒரு பாட்டுக்கு அர்த்தம், இல்லன்னா ஒரு தலத்தோட பெருமைன்னு எழுதுவேன். இந்தத் தடவை அப்படி எழுத மனசு வரல. எட்டு மாசமா ஒரு விஷயம் உள்ளுக்குள்ள உறுத்திக்கிட்டே இருக்கு. அதை முருகன் சந்நிதியில சொல்லிட்டேன், உங்ககிட்டயும் சொல்லிடுறேன். கொஞ்சம் நீளமாத்தான் இருக்கும். பஸ்ல உக்காந்து பொறுமையா படிங்க.

முதல்ல கதை. வள்ளி கல்யாணம் தெரியாதவங்க இங்க யாரும் இருக்க மாட்டீங்க. தினைப்புனத்துல பரண் மேல நின்னு வள்ளி கிளி விரட்டுறா. வேடனா வர்றாரு, வேங்கை மரமா நிக்கிறாரு, கடைசியில கிழவனா வர்றாரு. தேனும் தினைமாவும் வாங்கிச் சாப்பிட்டு, விக்கல்னு தண்ணி கேட்டு, சுனை வரைக்கும் கூட்டிட்டுப் போறாரு. எதுக்கும் அந்தப் பொண்ணு மசியல. அப்புறம் என்ன, அண்ணனைக் கூப்பிடுறாரு. காட்டு யானை வருது. பயந்து போன வள்ளி ஓடி வந்து கிழவனைக் கட்டிக்கிறா.

எங்க அப்புச்சி ஊர்ல சின்ன வயசுல வள்ளி திருமணம் கூத்து பாத்திருக்கேன். யானை வர்ற இடத்துலதான் கூட்டம் அதிகமா சிரிக்கும். நானும் சிரிச்சிருக்கேன். இப்ப யோசிச்சா அந்த இடத்துல ஒரு விஷயம் தெரியுது. தினைக்காடு இருக்கு, அதை ஒட்டி யானை வர்ற காடு இருக்கு. யானை வந்ததை வள்ளி அதிசயமா நினைக்கல, பயந்தா, அவ்வளவுதான். அந்த மலைக்குறத்திக்கு யானை வர்றது நமக்குத் தெருவுல பஸ் வர்ற மாதிரி. அந்த வழக்கத்தை நம்பித்தான் பிள்ளையாரே யானையா வந்திருக்காரு. காட்டு யானை வராத ஊரா இருந்தா, முருகன் வேற என்ன பண்ணியிருப்பாருன்னு எனக்குத் தெரியல!

இந்தப் பக்கம் தெய்வானையைப் பாருங்க. பேர்லயே யானை இருக்கு. இந்திரனோட ஐராவதம் வளர்த்த பொண்ணு. சுவாமிமலைக்குப் போயிருக்கீங்களா? மூலவருக்கு முன்னாடி மயில் இருக்காது, யானைதான் இருக்கும். சங்க காலத்துலயே முருகன் ஏறுற யானைக்குப் பிணிமுகம்னு பேர் சொல்வாங்க. அது மயிலோட பேர்தான்னு சொல்ற உரைக்காரங்களும் உண்டு, அந்தச் சண்டை நமக்கு வேண்டாம். நான் சொல்ல வர்றது ஒண்ணுதான். நாம முருகன்னா மயில், சேவல்னு நிறுத்திக்கிறோம். அந்தக் குடும்பத்துல யானைதான் அண்ணன், யானைதான் மாமனார் வீட்டுச் சீதனம், யானைதான் கல்யாணத்தை முடிச்சு வச்ச பெரிய மனுஷன்.

இப்ப என் கதைக்கு வர்றேன்.

போன 2025 ஏப்ரல் 4ஆம் தேதி மருதமலையில கும்பாபிஷேகம் நடந்துச்சு. எங்க வாட்ஸ்அப் குரூப்ல எல்லாரும் போய்ட்டு வந்தோம். அந்தக் கூட்டத்துல நின்ன சந்தோஷத்துல ஒரு முடிவு எடுத்தோம். அடுத்த வாரமே பங்குனி உத்திரம், நாம ஒரு அன்னதானம் போட்டா என்ன? ஆபீஸ்ல பாதி பேர் காசு கொடுத்தாங்க. ஜிபேல இரண்டு நாள்ல பணம் சேர்ந்துருச்சு. எலுமிச்சை சாதம், தயிர் சாதம், மொத்தம் 500 பொட்டலம். கேட்டரிங்காரர், "பாக்குமட்டைத் தட்டுன்னா காசு அதிகமாகுங்க, கவர்ல கட்டிடலாமுங்களா?"ன்னு கேட்டாரு. சரின்னு சொன்னது நான்தான். எக்செல் ஷீட்ல அந்த வரிசையைக் கம்மி பண்ணினதும் நான்தான். மிச்சம் ஆன காசுல இன்னும் 60 பேருக்குப் போடலாம்னு கணக்குப் போட்டு, எனக்கு நானே சபாஷ் போட்டுக்கிட்டேன்.

நல்லா நடந்துச்சு. சாப்பிட்டவங்க கவரை அங்கங்க போட்டாங்க. நாங்க பொறுக்கி மூணு சாக்குல கட்டி, அடிவாரத்துல குப்பைத் தொட்டி பக்கத்துல வச்சுட்டு, செல்ஃபி எடுத்துட்டு வந்துட்டோம். பொறுக்கி வச்சோமே, அதுவே பெரிய பொறுப்புன்னு நினைப்பு.

மறுநாள் பெரிய பாத்திரம் ஒண்ணு விட்டுட்டு வந்ததை எடுக்கப் போனேன். பூக்கடை அக்கா ஒருத்தங்க கூப்பிட்டாங்க. "ஏந்தம்பி, நேத்து சோறு போட்டது நீங்கதானுங்களா?" ஆமாங்கன்னேன், பெருமையா. "ராத்திரி பெரியசாமி வந்து உங்க மூட்டையைப் பிரிச்சுப் போட்டுட்டுப் போயிருக்குதுங்க தம்பி. பாருங்க"ன்னு கையைக் காட்டினாங்க. மூணு சாக்கும் கிழிஞ்சு கிடந்துச்சு. கவர் கொஞ்சம் இருந்துச்சு. மீதி இல்ல.

மீதி எங்க போச்சுன்னு அப்ப நான் யோசிக்கவே இல்ல. காத்துல பறந்திருக்கும்னு நினைச்சேன். உண்மையைச் சொல்லணும்னா, அந்தக் கிழிஞ்ச சாக்கைப் போட்டோ எடுத்து, "யானை முகத்தான் நம்ம பிரசாதத்தை ஏத்துக்கிட்டாரு"ன்னு ஸ்டேட்டஸ் வச்சேன். 140 பேர் பாத்தாங்க. நிறைய பேர் கை கூப்புற படம் அனுப்பினாங்க.

மே மாசம் வந்துச்சு. மருதமலை அடிவாரத்துல ஒரு பெண் யானை படுத்துக்கிடக்குதுன்னு செய்தி. பக்கத்துல அதோட குட்டி. வனத்துறை டாக்டருங்க சில நாள் போராடினாங்க. கும்கி யானை கொண்டு வந்து தூக்கிப் பாத்தாங்க, தண்ணித் தொட்டி கட்டி அதுல நிறுத்திச் சிகிச்சை பாத்தாங்க. முடியல. பிரேதப் பரிசோதனை பண்ணினப்போ வயித்துக்குள்ள 15 மாசக் கரு இருந்துச்சு. பிளாஸ்டிக் கழிவும் இருந்துச்சு.

யானைக்கு கர்ப்பம் ஏறக்குறைய 22 மாசம். இன்னும் ஏழு மாசம்.

அந்தச் செய்தியை நான் ஆபீஸ் கேன்டீன்ல வச்சுப் படிச்சேன். தட்டுல எலுமிச்சை சாதம்தான் இருந்துச்சு. சாப்பிட முடியல.

அந்த யானை பிளாஸ்டிக்கால மட்டும்தான் செத்துச்சுன்னு நான் சொல்ல வரல. உடம்புல வேற பிரச்சினைகளும் இருந்துச்சு, பல உறுப்புகள் செயல் இழந்துருச்சுன்னுதான் சொன்னாங்க. அதுக்குள்ள இருந்தது எங்க கவர்தான்னும் சொல்ல முடியாது. ஆனா இல்லன்னும் சொல்ல முடியாதுல்ல? எங்க வேலையில கிட் பிளேம்னு ஒண்ணு இருக்கு. புரோகிராம்ல எந்த வரி உடைஞ்சதோ, அதை எழுதினது யாரு, எந்தத் தேதின்னு பேரோட காட்டிக் கொடுத்துரும். யானை வயித்துக்குள்ள இருக்குற கவருக்கு அப்படி எதுவும் கிடையாது. யார் பேரும் அதுல இல்ல. அதனாலதான் எல்லாரும் நிம்மதியா தூங்குறோம். எனக்கு அந்தத் தூக்கம் கொஞ்ச நாள் வரல.

சரி, யானை ஏன் கவரைத் தின்னுது? அறிவு இல்லாததாலயா? அப்படி இல்ல. உப்பு. காட்டுல யானை உப்புக்காக மண்ணைத் தேடித் தின்னும். நாம சோறு கட்டின கவர்ல உப்பு இருக்கு, எண்ணெய் இருக்கு, புளிச்ச வாசம் இருக்கு. யானை மூக்குக்கு அது எவ்வளவு தூரத்துல இருந்தாலும் தெரியும். சோத்தை மட்டும் பிரிச்சு எடுக்க அதுக்கு என்ன, நம்மள மாதிரி பத்து விரலா இருக்கு? மொத்தமா சுருட்டி வாயில போட்டுக்கும். கொஞ்சம் லத்தியோட வெளிய வந்துரும். மருதமலைப் பக்கத்துல யானை லத்திக்குள்ள பால் கவர், மசாலா பாக்கெட், மாஸ்க், நாப்கின் எல்லாம் கிடந்த போட்டோ பல வருஷமா பேப்பர்ல வந்துக்கிட்டுத்தான் இருக்கு. வெளிய வராதது குடல்ல தங்கிரும்.

லத்தின்னதும் ஒண்ணு சொல்லிடுறேன். ஒரு பெரிய யானை ஒரு நாளைக்கு சுமார் 150 கிலோ தழை தின்னும். அதுல பாதி கூட ஜீரணம் ஆகாது. தின்ன பழத்தோட விதை எல்லாம் எருவோட சேர்ந்து பல கிலோமீட்டர் தள்ளிப் போய் விழும். மழை வந்தா முளைக்கும். அப்படித்தான் மலையில மரம் வருது. மரம் இருந்தாத்தான் நொய்யலுக்குத் தண்ணி. குறிஞ்சி நிலத்துக்குத் தெய்வம் முருகன்னு பாடத்துல படிச்சோம். அந்த நிலத்துக்கு விதை விதைக்கிற விவசாயி யானைதான். அது விதை போட்டுக்கிட்டிருந்த இடத்துல இப்ப மசாலா பாக்கெட்டைப் போடுது.

தமிழ்நாட்டுல யானை எண்ணிக்கை குறையல, அது நல்ல செய்தி. கணக்கெடுப்புல 2023ல 2,961, 2024ல 3,063, 2025ல 3,170. ஆனா உலக அளவுல ஆசிய யானை இன்னும் அழியும் ஆபத்துல இருக்குற இனம்தான். இங்க எண்ணிக்கை கூடினாலும் நடக்குற பாதை கூடல. மருதமலை, தடாகம், தொண்டாமுத்தூர்னு மலை அடிவாரம் முழுக்க நாம வீடு, காலேஜ், ரிசார்ட், லேஅவுட்னு கட்டிக்கிட்டே போறோம். யானை தலைமுறை தலைமுறையா நடந்த வழி. அம்மா யானை நடந்ததைப் பாத்து மக யானை நடக்கும். அது நம்ம வீட்டுக்குள்ள வரல, அது வழியிலதான் நம்ம வீடு இருக்கு.

இதைச் சொன்னா "விவசாயி நிலைமை உனக்குத் தெரியுமா?"ன்னு கேப்பீங்க. தெரியும். எங்க அப்புச்சிக்குத் தொண்டாமுத்தூர்ப் பக்கம் மூணு ஏக்கர். ஒரு தடவை தார் போட்ட நேந்திரன் வாழை, இன்னும் இருபது நாள்ல வெட்டணும். ஒரே ராத்திரியில அஞ்சு யானை வந்து பாதித் தோட்டத்தைப் படுக்க வச்சுட்டுப் போயிருச்சு. காலையில அப்புச்சி வரப்புல உக்காந்திருந்தது எனக்கு இன்னும் கண்ணுல நிக்குது. கடன் வாங்கிப் போட்ட வாழை. இழப்பீடு வந்துச்சு, வந்தப்போ அடுத்த வாழையே தார் போட்டிருந்துச்சு. வந்த தொகை உழவு கூலிக்குப் பத்தாது.

பக்கத்துத் தோட்டத்துக்காரர் வேலிக்கு நேரா லைன்ல இருந்து கரண்ட் கொடுக்கலாம்னு சொன்னாரு. அப்புச்சி ஒத்துக்கல. நான் அப்ப காலேஜ் முதல் வருஷம். "ஏனுங்க அப்புச்சி, இவ்வளவு நஷ்டம் ஆயிருச்சு, உங்களுக்குக் கோவமே வரலீங்களா?"ன்னு கேட்டேன். "கோவம் வராம என்ன கண்ணு? வாயில வந்ததெல்லாம் சொல்லித் திட்டிப் போட்டேன். திட்டலாம், வெரட்டலாம். கொல்றதுக்கு நாம ஆரு?"ன்னாரு.

இதுதான் வள்ளி செஞ்சதும். பரண் மேல நின்னு அவ என்ன பண்ணினா? கவண்ல கல் வச்சு வீசினா. ஆலோலம் பாடினா. தினையைக் காப்பாத்தணும், அது அவ கடமை. நம்பிராஜன் அதுக்குத்தான் அனுப்பினாரு. ஆனா கிளிக்கு விஷம் வைக்கல. மயிலுக்குக் கண்ணி வைக்கல. விரட்டுறதுக்கும் கொல்றதுக்கும் நடுவுல ஒரு கோடு இருக்கு. அந்தக் கோட்டுக்கு இந்தப் பக்கம் நின்ன பொண்ணைத் தேடித்தான் முருகன் மலை ஏறி வந்தாரு.

இப்ப அந்தக் கோட்டை நாம தாண்டிட்டோம். காட்டுப்பன்னிக்குன்னு பழத்துக்குள்ள அவுட்டுக்காய் வைக்கிறாங்க. அதை யானை கடிச்சா வாய் சிதறிப் போகும். உடனே சாகாது. தின்ன முடியாம, தண்ணி குடிக்க முடியாம, வாரக்கணக்குல அலைஞ்சு சாகும். மயில் நெல்லைத் தின்னுதுன்னு விஷம் கலந்த தானியம் வைக்கிறாங்க. கொத்துக் கொத்தா மயில் செத்துக் கிடக்குற படம் நம்ம குரூப்லயே வந்துச்சு, ஞாபகம் இருக்கா? எல்லாரும் அழுதோம். மயிலுக்கு அழுத நாம, நெல்லு போன ஆளுக்கு என்ன பண்ணினோம்? அவரைத் திட்டினோம். அது சுலபம்.

சூரபத்மனை முருகன் என்ன பண்ணினாருன்னு ஒரு நிமிஷம் பாருங்க. எதிரி. மாமரமா நின்னவனை வேல் பிளந்துச்சு. அதோட முடிச்சிருக்கலாம். ஆனா பாதியை மயிலாக்கி ஏறிக்கிட்டாரு, பாதியைச் சேவலாக்கிக் கொடியில வச்சுக்கிட்டாரு. தொந்தரவு பண்ணினவனுக்கும் தன் பக்கத்துல ஒரு இடம் கொடுத்தாரு. யானைக்கும் விவசாயிக்கும் சண்டைன்னு வந்தா, ரெண்டு பேருக்கும் இடம் இருக்குற மாதிரி ஒரு வழி தேடுறதுதான் முருகன் வழின்னு நான் நினைக்கிறேன். பெரிய பெரிய உபன்யாசகர்கள் இதை வேற மாதிரி சொல்லலாம். எனக்குத் தெரிஞ்ச அளவுக்குச் சொல்றேன்.

அப்படி வழி தேடினா கிடைக்குமா? கிடைக்குது. அதுக்கு நம்ம கோவைலயே ஒரு சாட்சி இருக்கு, அதுவும் என் துறையில. மதுக்கரைப் பக்கம் கேரளா போற ரயில் பாதை காட்டுக்கு நடுவுல போகுது. 2021 நவம்பர்ல ஒரே ராத்திரியில மூணு யானை ரயில்ல அடிபட்டுச் செத்துச்சு. அதுக்கு முன்னாடியும் எத்தனையோ. அப்புறம் வனத்துறை 12 கோபுரம் நட்டாங்க, அதுல சாதா கேமராவும் வெப்பத்தை வச்சுப் பாக்குற தெர்மல் கேமராவும். செலவு 7.24 கோடி ரூபாய். 2024 பிப்ரவரியில ஆரம்பிச்சாங்க. தண்டவாளத்துக்கு 150 மீட்டருக்குள்ள யானை வந்தா ஏஐ கண்டுபிடிச்சு, கட்டுப்பாட்டு அறைக்குச் சொல்லும். அங்கிருந்து ரயில்வேக்கும், லோகோ பைலட்டுக்கும் தகவல் போகும், ரயில் மெதுவாகும். ரயில்வே தண்டவாளத்துக்கு அடியில யானை நடக்கச் சுரங்கப்பாதையும் கட்டியிருக்காங்க. யானைங்க அதுல போகுது! நான் அந்த வீடியோவை எத்தனை தடவை பாத்தேன்னு எனக்கே தெரியாது. ராத்திரி இருட்டுல, தெர்மல் திரையில, வெள்ளை வெள்ளையா ஒரு குடும்பம் வரிசையா நடக்குது. நடுவுல ஒரு சின்ன வெள்ளைப் புள்ளி, அதுதான் குட்டி. அந்தத் திரைக்கு முன்னாடி ராத்திரி முழுக்க உக்காந்து பாக்குறவங்கள்ல அந்த ஊர்ப் பழங்குடி மக்களும் இருக்காங்க. பரண் மேல வள்ளி உக்காந்த மாதிரியே இல்ல?

என்னால கோபுரம் நட முடியாது. என்னால முடிஞ்சது என்னன்னு யோசிச்சேன். அன்னதானம் நிறுத்தணும்னு குரூப்ல ஒருத்தன் சொன்னான். எனக்கு அதுல சம்மதம் இல்ல. சோறு போடுறது தப்பில்ல, கவர்தான் தப்பு. ஆடிக் கிருத்திகைக்கு மறுபடி போட்டோம். 500 இல்ல, 320. காசு அவ்வளவுக்குத்தான் வந்துச்சு. வாழை இலையிலயும் மந்தாரை இலையிலயும். பொட்டலம் கட்டிக் கையில கொடுக்கல, உக்கார வச்சுப் பரிமாறினோம். தண்ணி பாட்டில் கிடையாது, அண்டாவும் எவர்சில்வர் டம்ளரும். மதியம் மூணு மணிக்கு முடிச்சோம். இலையைக் கூட அங்க விடல, மிச்சச் சோறோட சேர்த்து வண்டியில ஏத்தி அப்புச்சி தோட்டத்து எருக்குழிக்குக் கொண்டு போயிட்டோம். இலை மக்கும்தான், ஆனா சோறு வாசம் பிடிச்சு யானை அடிவாரத்துக்கு வந்து பழகிட்டா, நாளைக்கு அதுக்கும் ஆபத்து, பூக்கடை அக்காவுக்கும் ஆபத்து.

ஒருத்தர் வந்து, "பார்சல் கிடைக்காதுங்களா, வீட்டுல அம்மா இருக்காங்க"ன்னு கேட்டாரு. அதுக்கு நாங்க தயாரா இல்ல. முழிச்சோம். அவரே பைக்ல இருந்து ஒரு தூக்குப்போசி எடுத்துட்டு வந்தாரு. அடுத்த தடவை "பார்சல் வேணும்னா பாத்திரம் கொண்டு வாங்க"ன்னு முன்னாடியே போர்டு வைக்கணும்.

இன்னும் ரெண்டு விஷயம், தயவுசெஞ்சு கேளுங்க. ஒண்ணு, மலைப் பாதையில யானை நிக்குதுன்னா வண்டியை நிறுத்தி இறங்கி ரீல்ஸ் எடுக்காதீங்க. பிள்ளையார்னு சொல்லி வாழைப்பழம் வீசாதீங்க. "வேல் வேல்"னு கத்தி அதை வெறுப்பேத்தின ஒரு வீடியோ பாத்தேன், எடுத்தது நம்மள மாதிரி மாலை போட்ட பையன்தான். வெக்கமா இருந்துச்சு. சாயங்காலத்துக்கு மேல படிப்பாதையில போகாதீங்கன்னு வனத்துறை சொன்னா, போகாதீங்க. அது யானை நடக்குற நேரம். சாமி காலையிலயும் அங்கதான் இருப்பாரு.

இன்னொண்ணு, தைப்பூசப் பாதயாத்திரை வருது. பழனிக்கோ மருதமலைக்கோ நடக்கப் போறவங்க, ஒரு டம்ளர், ஒரு தட்டு, ஒரு மஞ்சப்பை. இந்த மூணும் இருமுடியை விடக் கனம் இல்ல. பிஸ்கட் கவரை ரோட்டோரம் போடாம பையிலயே வச்சுக்கிட்டு ஊர் வந்து போடுங்க. மயில் காவடிக்குப் பீலி வாங்குறவங்க, அது தானா உதிர்ந்ததான்னு கேட்டு வாங்குங்க. வருஷா வருஷம் மயில் தானே தோகையை உதிர்க்கும், பிடுங்க வேண்டிய அவசியமே இல்ல.

அந்தப் பழைய ஸ்டேட்டஸ், அது 24 மணி நேரத்துல போயிருச்சு. ஆனா போட்டோ போன்ல இன்னும் இருக்கு. கிழிஞ்ச மூணு சாக்கு, மண்ணுல ஒரு பெரிய கால் தடம். பக்கத்துல சின்னதா இன்னொரு தடம். அப்ப அதை நான் கவனிக்கவே இல்ல.

தைப்பூசத்துக்கு முந்தின ஞாயித்துக்கிழமை, காலையில ஆறரை மணிக்கு, மருதமலை அடிவாரத்துல நாங்க ஒரு 15 பேர் கூடுறோம். குப்பை பொறுக்கத்தான். வனத்துறைகிட்ட அனுமதி கேட்டாச்சு, அவங்க சொன்ன எல்லையைத் தாண்டிக் காட்டுக்குள்ள போக மாட்டோம். கையுறையும் சாக்கும் நாங்க கொண்டு வர்றோம். சாக்கை இந்தத் தடவை தொட்டி பக்கத்துல வைக்கப் போறதில்ல, வண்டி சொல்லியிருக்கேன். காலை டிபன் பூக்கடை அக்கா வீட்டுல இருந்து வருது, இட்லி. வர்றவங்க தட்டு கொண்டு வந்துருங்க.

வெற்றிவேல் முருகனுக்கு அரோகரா!
வள்ளி மணாளனுக்கு அரோகரா!